டீவிக்கு விடுமுறை கொடுத்த தனபாலன்

தங்கா பத்துவில் வாழ்ந்த பெரிய மனிதர்களைப் பற்றி யாராவது புத்தகம் போட்டால், பேக்டரி பஸ் ஓட்டும் தனபாலனின் பெயர் அதில் வராது. வராததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவர் எந்தக் கோயிலுக்கும் தலைவராக இருந்ததில்லை. எந்தக் கட்சிக் கிளைக் கூட்டத்திலும் நாற்காலியைத் தூக்கி அடித்ததில்லை. ஆனாலும், பெற்ற பிள்ளையைத் தன் பக்கம் திருப்புவதற்காகத் தெய்வத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு டீவியை எதிர்த்து நின்றவர் என்ற முறையில், அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதிவைப்பது நம் கடமையாகிறது.

சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரம் சீவும் உளியைப் பிடிக்க வேண்டிய வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கல்யாணம் முடிந்த கையோடு தங்கா பத்துவில் மலிவு வீடுகளை வரிசையாகக் கட்டிய ஒரு தாமானுக்குக் குடிவந்தார். மனைவி கமலவேணிக்குச் செங் என்ற பக்கத்து ஊரில் ஓர் எலக்ட்ரானிக் கம்பெனியில் வேலை. டீவியின் வயிற்றுக்குள் போகும் பச்சைத் தகடுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஈயம் சரியாக ஒட்டாததை ஒதுக்கித் தள்ளுவாள். அவளையும் அவளைப் போன்றவர்களையும் ஏற்றிப்போவது தனபாலனின் பஸ். ஆக, அந்தக் குடும்பத்தில் ஒருவர் டீவி செய்ய ஆள் ஏற்றினார், இன்னொருவர் டீவி செய்தார், மூன்றாமவர் டீவி பார்த்தார். உழைப்பு முறையாகப் பங்கிடப்பட்டிருந்தது.

மூன்றாமவர் பவானேஸ்வரி. எட்டு வயது. அம்மாவுக்கு மத்தியான ஷிப்டு விழுகிற வாரங்களில், பள்ளி விட்டு வந்து சோற்றைத் தின்றுவிட்டு, கிரில் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, அப்பா பொழுது சாயத் திரும்பும்வரை தனியாக இருப்பாள். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா, "நான் ஒரு கண்ணு வச்சிக்கிறேன், நீ போ" என்று பெரிய மனதோடு சொல்லியிருந்தார். அந்தக் கண் மத்தியானத்தில் தூங்கிவிடும். அதனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கம்பெனி தன் தொழிலாளர்களுக்கென்று போட்ட ஸ்டாப் சேலில் வாங்கிய, மூலையில் கீறல் விழுந்த இருபத்தொன்பது அங்குல டீவியிடம் போய்ச் சேர்ந்தது. அதுவும் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தது. அதுதான் தனபாலனுக்குப் பிரச்சினை.

புகைமூட்டம் ஊரை மூடிய வருஷம் அது. பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள் என்று பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் தனபாலன் ஈப்போவுக்குக் கல்யாண ஆள்களை ஏற்றிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார். கையில் பிள்ளைக்கென்று வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலம்.

"பவானி."

பிள்ளை டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அப்பா வந்துட்டேன்."

"ம்."

பொட்டலத்தை நீட்டிக்கொண்டு எதிரே போய் நின்றார். பிள்ளை தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தாள். வலது பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பணிவாகத்தான் சொன்னாள்: "நகருங்கப்பா, மறைக்குது."

தனபாலன் நகர்ந்தார். ஆனால் அந்த வார்த்தை நகரவில்லை. மறுநாள் பஸ்ஸில் கியர் மாற்றும்போதெல்லாம் நெஞ்சுக்குள் அது தடுக்கியது. முன் சீட்டில் எப்போதும் உட்காரும் மீனம்மா, பஸ்ஸிலேயே மூத்த தொழிலாளி, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னா தம்பி, மூஞ்சி பேட்டரி வீக்கான மாதிரி இருக்கு?"

"பிள்ளை திரும்பிப் பார்க்க மாட்டேங்குதுக்கா. எந்நேரமும் டீவி."

"உனக்காச்சும் இப்பதான். எம் பையன எனக்கு முதுக வச்சித்தான் அடையாளம் தெரியும்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணே, நீங்க போயி டீவில நியூஸ் வாசிங்கலா, பிள்ளை கண்ணெடுக்காம பார்க்கும்" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. தனபாலனும் சிரித்துவைத்தார். உள்ளுக்குள், பிள்ளை கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

டீவியை அடித்து அணைத்தால் பிள்ளை அழுவாள். விற்றுவிட்டால் கமலவேணி அழுவாள். யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒரு வழி வேண்டும். அதைக் காலண்டரே காட்டிக் கொடுத்தது: வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. சாமி முன்னால் வைத்துப் பொட்டிட்ட பொருளைப் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பஸ்ஸுக்கும் அந்த மரியாதையைச் செய்திருக்க வேண்டும். ஆனால் நவராத்திரிக்காகக் கம்பெனி ஷிப்டை நிறுத்துவதில்லை என்பதால், பஸ் நெற்றியில் சந்தனத்தோடு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வழக்கம்போல் வேலைக்குப் போனது. பஸ்ஸுக்குக் கிடைக்காத ஓய்வை டீவிக்குக் கொடுப்பதென்று தனபாலன் முடிவு செய்தார்.

சாயங்காலம் சாமி மேடைக்கு முன்னால் ஸ்பேனர், அரிவாள்மணை, கமலவேணியின் தையல் மிஷின் எல்லாம் வரிசைக்கு வந்தன. பவானி தன் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து பக்தியோடு வைத்தாள். அடுத்து தனபாலன் டீவியைத் தூக்கிவந்தார். சுவரோரம் ஒரு மேசையில் அதை ஏற்றி, கண்ணாடி நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, தரைவரை தொங்கும்படி ஒரு வேட்டியைப் போர்த்தினார்.

"டீவி யாரோட ஆயுதம்பா?"

"அம்மா செய்யிறதுதானே. அம்மாவோடது."

"அப்ப அம்மாவும் வேலைக்குப் போகக்கூடாதுதானே?"

தனபாலன் மணியை ஓங்கி ஆட்டினார்.

மறுநாள் பூஜை எடுத்தார்கள். ஸ்பேனர் திரும்பியது, புத்தகம் திரும்பியது, டீவி மட்டும் திரும்பவில்லை. பெரிய பொருளுக்குப் பெரிய நாள் பார்க்க வேண்டும் என்றும், பௌர்ணமி கழியாமல் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றும் தனபாலன் அறிவித்தார். இந்தச் சாஸ்திரம் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் சாமி காரியத்தில் எதற்கு வம்பு என்று வீடு அடங்கிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை வெற்றி கிட்டியது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் பவானி அப்பாவைப் பார்த்தாள். கன்னத்தில் கைவைத்து, என்ன நிகழ்ச்சி வரப்போகிறது என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். தனபாலனுக்கு வேர்த்தது. "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டிருந்தாள். "படிச்சியா?" படித்திருந்தாள். அதோடு அவரிடமிருந்த சரக்கு தீர்ந்துபோனது. இத்தனை நாள் பிள்ளை திரும்பவில்லை என்று துடித்தவர், திரும்பிய பிள்ளையிடம் என்ன பேசுவது என்று யோசித்தே பார்த்ததில்லை. கடைசியில், பஸ்ஸின் மூன்றாவது கியர் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும் என்று சொல்லி, அப்படியே கத்திக் காட்டினார். பவானி சிரித்தாள். இன்னொரு தரம் கேட்டாள். அவர் ஐந்தாறு தரம் கத்தினார்.

அன்று சாயங்காலம் கமலவேணி சட்டை மடித்துக்கொண்டே தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "என்னாங்க, நாளையிலேர்ந்து எனக்கு மத்தியான ஷிப்டு. டீவி இல்லாம பிள்ளை..."

"டீவி இல்லாம பிள்ளை செத்தா போயிடும்? நம்ம எல்லாம் டீவி பார்த்தா வளர்ந்தோம்?"

"அதுக்கில்ல. நான் பாப்பாகிட்ட..."

"உனக்கு நாடகம் பார்க்கணும், அத சொல்லு."

அவள் மடித்த சட்டைகளை அலமாரியில் அடுக்கப் போனாள். வாதத்தில் ஜெயித்த நிம்மதியோடு தனபாலன் படுத்தார்.

திங்கட்கிழமை பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது கிரில் பூட்டியபடி இருந்தது. கேட்டில் சங்கிலி தளர்ந்து தொங்கியது. தன்னிடமிருந்த சாவியால் திறந்து, மூன்றாவது கியர் மாதிரி ஒரு தரம் கத்தினார். சத்தமே இல்லை. சோற்றுத் தட்டு பாதியில் கிடந்தது. அறையில் இல்லை, குளியலறையில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. துணி அலமாரியைத் திறந்து துணியை எல்லாம் வாரிப் போட்டார். குஞ்சம்மாவை எழுப்பினார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உள்ளதான்லா இருந்துச்சி, சத்தமே இல்லையே, நான் வெளிய கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். தனபாலன் கால்வாயைப் பார்த்தார். புகைக்குள் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத சாலையில் ஓடி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரோ ஒரு மலாய்க்காரர் மோட்டாரை நிறுத்தி விசாரித்தார். தனபாலன் அவரைத் தாண்டி ஓடினார்.

திரும்பி வந்து சாமி மேடை முன்னால் விழுந்தார். வீட்டில் அவர் தேடாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது பூஜையில் இருந்த இடம். தொடக்கூடாது என்று அவரே விதித்த இடம். "தெரியாம செஞ்சிட்டேன் தாயே" என்று கும்பிட்டபோது வேட்டி அசைந்தது.

இழுத்தார். சுவருக்கும் டீவி மேசைக்கும் நடுவில், ஒயர்களைக் கட்டிக்கொண்டு, பவானி உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது.

"ஏன் பாப்பா கூப்பிட்டதுக்கு வரல?"

"யாரோ கேட்டைப் பிடிச்சி ஆட்டுனாங்க. வீட்ல ஆளே இல்லன்னு சொன்னாங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அம்மா சொல்லியிருக்காங்க. சத்தமா டீவி போட்டு வச்சிட்டு நேரா அத மட்டும்தான் பார்க்கணும், ஜன்னல் பக்கம் திரும்பக்கூடாது, யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. சத்தம் இருந்தா பெரியவங்க இருக்காங்கன்னு நினைச்சிக்குவாங்களாம். இப்ப சத்தம் இல்லதானே, அதான்."

தனபாலன் ஒயரைச் சொருகினார். துடைக்கக்கூட நேரமில்லாமல் சுவிட்சைத் தட்டினார். செய்தி வாசித்த பெண்மணி நெற்றியில் பெரிய குங்குமத்தோடு தோன்றினார். சத்தத்தை அவரே ஏற்றினார். ஏற்ற ஏற்ற, பிள்ளையின் மூச்சு இறங்கியது.

கேட்டை ஆட்டியது யார் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. கம்பியில் ஒரு விளம்பரத் தாள் சொருகியிருந்தது. கூரையில் ஒரு தட்டு மாட்டினால் வானத்திலிருந்தே படம் இறங்குமாம். பிள்ளைகளுக்கென்று நாள் முழுக்கத் தனி அலைவரிசையாம்.

கமலவேணி தாளை வாங்கிப் பார்த்தாள். "அன்னைக்கு டீவி சத்தத்தப் பத்தி நான் சொல்லத்தான் வந்தேன். பேச விட்டாத்தானே."

தனபாலன் டீவிக் கண்ணாடியிலிருந்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் துடைத்தார்.

அதன்பின் அவர் பிள்ளையைப் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு திரிந்து பார்த்தார். மீனம்மா மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் கம்பெனி சூப்பர்வைசர், தொழிலாளர் அல்லாதவர் ஏறக்கூடாது என்றார். வேலையை விடலாமா என்று கமலவேணி கேட்டாள். இருவரும் அதை யோசித்தார்கள், யோசித்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். டீவி மறுபடியும் பணியில் சேர்ந்தது.

மழை வந்து புகை கரைந்த பிறகு, பஸ் ஒரு தெருவைச் சுற்றிப் போக ஆரம்பித்தது. "ஏன் தம்பி இந்த வழியா?" என்று மீனம்மா கேட்டால், "அந்தப் பக்கம் ரோடு வெட்டுறாங்கக்கா" என்பார். எங்கும் யாரும் ரோடு வெட்டவில்லை. 

தன் வீட்டுக்கு எதிரே வந்ததும் தனபாலன் மூன்றாவது கியரைப் போடுவார். பஸ் ஆட்டுக்குட்டியாகக் கத்தும். டீவியின் சத்தம் தெருமுனைவரை கேட்கும். அந்தச் சத்தத்தைத் திட்டாத நாளில்லை என்றிருந்தவர், இப்போது அது காதில் விழும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டுகிறார். பிள்ளை ஜன்னலுக்கு வரமாட்டாள், வரக்கூடாது.

ஆனால் கியர் கத்திய மறுகணம் உள்ளே டீவியின் சத்தம் சட்டென்று குறையும். ஒரு நொடி. பிறகு பழையபடி ஏறிவிடும்.

பஸ் செங்குக்குத் திரும்பும்.