அம்புக்குறி சரியாகத்தான் இருந்தது

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், திருச்சியை ஒட்டிய ஓர் அரிசி ஆலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயராக இருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறிப் போவேன். இப்போது நினைத்தாலும் அந்த ஈரக் காற்று முகத்தில் படுகிற மாதிரி இருக்கிறது.

நெல் அவிக்கும் பாய்லருக்குத் தண்ணீர் போகும் குழாயை அப்போது புதிதாகப் போட்டோம். அதில் ஒரு நான்-ரிட்டன் வால்வு வைக்க வேண்டும். பம்ப் தள்ளுகிற தண்ணீரை அது பாய்லருக்குள் விடும். பம்ப் நின்றால், பாய்லரின் கொதிநீர் திரும்பி வராமல் தடுக்கும். வேலை பார்த்த ஃபிட்டர் பொன்மலைக்காரர். என் வயதுதான் அவருக்கும். நான் காட்டிய இடத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"மேடம், இது படுத்த குழாய்ல வைக்கிற வால்வு. நிக்கிற குழாய்ல வச்சா உள்ள இருக்கிற தட்டு ஒழுங்கா உக்காராது."

"தண்ணி மேலதானே போவுது? வால்வு மேல போட்டிருக்கிற அம்புக்குறியும் மேலதானே பாக்குது? மாட்டுங்க" என்றேன்.

அந்த ஆலையில் நான் ஒருத்திதான் பெண் இன்ஜினீயர். ஒரு தடவை இறங்கிப்போனால் அப்புறம் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் வால்வை எடுத்து, நான் சொன்ன இடத்திலேயே மாட்டினார்.

மறுநாள் மதியம், பாய்லரில் அழுத்தம் ஏறியதும் பம்பை ஓட்டிப் பார்த்தோம். அருமையாக ஓடியது. பெருமையாக, "நிறுத்துங்க" என்றேன். நின்ற பம்ப் அடுத்த நொடியே தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்தது. கொதிநீர் திரும்பிப் பாய்ந்து, பம்ப் தண்ணீர் எடுக்கும் கீழ்த் தொட்டி உறுமியது. மூடி தெறித்து, கொதிநீர் ஆவியோடு நாலாபக்கமும் கொட்டியது. பாய்லர் ஆபரேட்டர் ஓடிப்போய்க் கைவால்வை மூடினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. சாப்பாட்டு நேரம் அது. நெல் காயவைக்கும் பெண்கள் தினமும் டிபன் பாக்ஸ் கழுவுவது அந்தத் தொட்டியடிக் குழாயில்தான்.

ஆனால் அங்கே ஒருவரும் இல்லை. தொட்டியைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தது. காலையிலேயே ஃபிட்டர் அதைக் கட்டி, எல்லாரையும் பின்பக்கக் குழாய்க்கு அனுப்பியிருக்கிறார்.

"நான் சொன்னேன், நீங்க கேக்கல. அதுக்காக அவங்க வேகணுமா மேடம்?" என்றார். குரலில் கோபமே இல்லை.

முதலாளி ஓடி வந்து, "யாருய்யா மாட்டுனது?" என்று கத்தினார். ஃபிட்டர் என்னைக் கைகாட்டவில்லை. தலை குனிந்து நின்றார். அந்த மௌனத்தில் ஒளிந்துகொள்ள ஒரு கணம் ஆசை வந்தது, உண்மை. பிறகு, "அவரு வேணாம்னு சொன்னாருங்க. நான்தான் கேக்காம மாட்டச் சொன்னேன்" என்றேன்.

திட்டு பலமாகத்தான் விழுந்தது. பாய்லர் ஆறியதும் இருவருமாக வால்வைக் கழற்றிப் படுத்த குழாயில் வைத்தோம். அவர் பிடித்துக்கொள்ள, போல்ட்டுகளை நான் முடுக்கினேன்.

சாயங்கால பஸ்ஸில், தொட்டியடியில் தினமும் டிபன் பாக்ஸ் கழுவுகிற அக்கா ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காருங்கம்மா, மூஞ்சியே வாடிக் கெடக்கு" என்றார். மடியில் கிடந்த அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்று எனக்குக் கீழே பலர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல வந்து தயங்கினால்கூட, அந்தக் கைகள் நினைவுக்கு வந்து, கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.