மீன்குஞ்சுக்கு எந்தச் சீட்டு?

தர்மபுரி பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு தனியார் பஸ் கம்பெனிக்குப் பார்சல் அறை இருந்தது. அங்கே சீட்டு ஒட்டுகிற வேலை ராஜமேரிக்கு. கல் உடைக்கப் போன கணவன் திரும்பி வராமல் போன வருஷம், மாதா கோயில் பங்குச் சாமியார் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை அது. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பாள். அதனால் அவள் விரல் நுனிகள் எப்போதும் லேசாக நீலம் பாரித்திருக்கும்.

சீட்டுகள் நான்கு நிறம். ஏற்றி இறக்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. நிறத்தைப் பார்த்துத்தான் அவர்கள் கை அசையும். சிவப்பு என்றால் கண்ணாடி. வைக்கோல் பரப்பி, டிரைவர் பக்கத்தில் நிமிர்த்தி வைப்பார்கள். நீலம் எண்ணெய். ஒழுகினால் பயணிகள் துணி கெடும் என்று பஸ்ஸின் கூரைக்குப் போய்விடும். பச்சைச் சீட்டு கோழி, புறா, முயல் மாதிரி உயிருள்ளவற்றுக்கு. இன்னதென்று தெரியாததற்கெல்லாம் வெள்ளை. வெள்ளைச் சீட்டுப் பெட்டியின் மேல் வேறு பத்துப் பெட்டி ஏறும், அதைக் கேட்பார் கிடையாது.

பெட்டிக்குள் இருப்பதற்குப் பொருந்தாத சீட்டை ராஜமேரி ஒட்டியதே இல்லை. ஒருமுறை பங்குச் சாமியாரே வாழைத்தார் அனுப்ப வந்து, "அடிபடாமப் போவட்டும், ஒரு சிவப்பு ஒட்டிடும்மா" என்றார்.

"வாழப்பழம் கண்ணாடி ஆவுங்களா சாமி?" என்று கேட்டுவிட்டு வெள்ளையைத்தான் ஒட்டினாள். வேலை வாங்கிக் கொடுத்த மனிதர் முகம் சுருங்கிப் போனார். அவள் கை சுருங்கவில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, அல்போன்ஸ். தாய் செத்தபின் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. எண்பத்து நாலில் அவன் தீர்த்தமலைப் பக்கம் ஒரு ஏரியை மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தான். மாமியார் வீட்டில் ஏச்சுக்கும் பேச்சுக்கும் ஆளானவன் அவன். இந்த ஏரியில் மீன் துள்ளினால்தான் அங்கே அவன் தலை நிமிரும்.

குஞ்சுகளை ஒகேனக்கல் பக்கமிருந்து கொண்டுவந்து விற்பவர் மாதேஸ்வரன். பெரிய பாலிதீன் பையில் பாதி தண்ணீர், மீதி ஆக்சிஜன் அடைத்து, வாயை இறுக்கி ரப்பர் போட்டு, அட்டைப்பெட்டிக்குள் இறக்கிக் கொடுப்பார். முதல் தடவை பெட்டி வந்தபோது ராஜமேரிக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை. உள்ளே இருப்பது உயிர். தம்பியின் உயிரும் அதில்தான் இருக்கிறது. பச்சையை ஒட்டி, நான்கு மூலையும் அழுத்தி, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

மறுநாள் அல்போன்ஸ் வந்தான். நனைந்து தொய்ந்த பெட்டியை அவள் மேசைமேல் வைத்தான். பெட்டியில் நான்கு ஓட்டை. உள்ளே காற்றும் தண்ணீரும் போன பை. அதில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு குஞ்சுகள்.

"பார்த்தியா, உன் கை ராசி?"

"அல்போன்சு, நான் ஒண்ணும் பண்ணலடா. உயிருன்னுதான் ஒட்டினேன்."

"உயிருன்னு ஒட்டி உயிர எடுத்துட்டியே! உன் தாலி போன கையி, எம்மேலயும் வெச்சிட்ட."

பார்சல் கொடுக்க நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ராஜமேரி பசைக் கிண்ணத்தை மூடினாள், மறுபடி திறந்தாள். அவன் போய்விட்டான்.

அரூரில் பஸ் மாற்றுகிறபோது பார்சலை இறக்கி ஏற்றுபவன் கரியன், சித்தேரி மலைக்காரன். அடுத்த நடையில் அவன் பஸ்ஸோடு தர்மபுரி வந்தபோது கேட்டாள்.

"கரியா, அந்த மீன் பெட்டிய நீதானே மாத்தி ஏத்துன?"

"ஆமாங்கா. பச்சச் சீட்டு பார்த்தேன். பெட்டில ஒரு ஓட்டகூட இல்ல. பாவம், மூச்சு முட்டுமேன்னு சாக்குத் தைக்கிற கோணூசியால நல்லா ஆழமா நாலு குத்து குத்திவுட்டேன்." சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்தது. "போன கோடைல அப்படித்தான் ஒரு பெட்டிக் கோழி உள்ளயே வெந்து செத்துச்சு. அதிலேருந்து பச்சன்னா நாங்க குத்தாம வுடறதில்லீங்கா."

ராஜமேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தாதே என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கோழிப் பெட்டி வேகும். மீனுக்கு மட்டும் வேண்டாம் என்றால், அரூரில் முறை மாறி வரும் இன்னொருவனுக்கு அது தெரியாது. தவிர, இத்தனை இரக்கமாகக் குத்திய கையிடம் எதைச் சொல்ல?

"நல்லதுதான் பண்ணின" என்று சொல்லி அனுப்பினாள்.

அதன்பிறகு தம்பி அந்தப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், நாலு நாள் அடைமழைக்குப் பிறகு சூரியன் சுள்ளென்று அடித்த ஒரு காலையில், மாதேஸ்வரன் மூச்சு வாங்க அறைக்குள் வந்தார். கையில் அதே மாதிரி அட்டைப்பெட்டி.

"இந்த வருசத்துக்கு இதாம்மா கடைசிக் குஞ்சு. தீர்த்தமலைப் பார்ட்டிக்கு. அவரே வந்து மடில வெச்சிக் கொண்டுபோறேன்னு சொல்லியிருந்தாரு. இப்ப ஏரி ரொம்பி வழியுதாம். தண்ணி வழியற கலிங்குல கட்டின வலைய வுட்டு நவுர முடியலன்னு கண்டக்டர்கிட்ட சொல்லியனுப்பினாரு. வேற வழியில்ல, பார்சல்ல போட்டுடுங்கன்னு." கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொன்னாரும்மா. அவங்க அக்கா யாரோ இங்க இருக்காங்களாம், அவங்க கை மட்டும் படக்கூடாதாம். யாரும்மா அது?"

"நாந்தாங்க" என்றாள் ராஜமேரி.

மாதேஸ்வரன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெட்டியைத் திரும்ப எடுக்கப் போனார். வெளியே அரூர் பஸ்ஸின் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அதை விட்டால் மத்தியானம்தான். அதுவரை பை தாங்காது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ராஜமேரி சீட்டுக் கட்டுகளைப் பார்த்தாள். பச்சை உண்மை. ஆனால் கோணூசி வரும். நீலமும் ஒருவகையில் உண்மை, உள்ளே இருப்பது தண்ணீர்தானே. ஆனால் கூரை வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும். வெள்ளை ஒட்டினால் மேலே இரும்புச் சாமான் ஏறும். அப்போதுதான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இத்தனை வருஷமாகப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மட்டுமே பார்த்து ஒட்டியிருக்கிறாள். அரூரில் நிற்கிறவனோ சீட்டைப் பார்த்து, தான் என்ன செய்யவேண்டும் என்றுதான் தெரிந்துகொள்கிறான்.

சிவப்பை எடுத்தாள். பசை தடவினாள். நான்கு மூலையும் அழுத்தி ஒட்டினாள்.

"மீனுக்குக் கண்ணாடிச் சீட்டா?" என்றார் மாதேஸ்வரன்.

"ஆமாங்க."

"பொய்யில்லீங்களா?"

"பொய்தாங்க. போவட்டும்."

சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். தன் முறை வரும் சமயத்தில், சாமியாரின் வாழைத்தார் நினைவு வர, விலகி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிறு கழித்துக் கரியன் வந்தான். "என்னாங்கா, போன வாரம் கண்ணாடிப் பெட்டில தண்ணி ஆடுச்சு? மருந்து பாட்டிலோன்னு பயந்து, கொழந்தைய மடில வெச்சிக்கிட்ட மாதிரி தீர்த்தமலை பஸ்ஸில ஏத்திவுட்டேன். டிரைவரையே திட்டினேன், மெதுவா ஓட்டுய்யான்னு."

ராஜமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பசை கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

குஞ்சுகள் பிழைத்தன என்ற செய்தி கண்டக்டர் மூலமாகத்தான் அவளுக்கு வந்தது. அல்போன்ஸிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பனி போய், கோடை வந்து, ஏரி வற்றத் தொடங்கியது. அவளும் கேட்கவில்லை.

சித்திரையில் ஒரு பகல். அரூர் பஸ் வந்து நின்றதும் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். ஒரு கிழவி, "நாசமாப் போறவன், எவன்டா இத ஏத்துனவன்!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அவளுக்குப் பின்னால் கரியன், ஒரு பெட்டியைத் தன்னிடமிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"உங்களுக்குத்தாங்கா வந்திருக்குது. சிவப்பு ஒட்டியிருந்ததால டிரைவர் பக்கத்துல, எஞ்சின் மேலயே வெச்சிட்டோம். பஸ்ஸே என்னத் திட்டித் தீர்த்துடுச்சு. கண்ணாடி இப்பிடி நாறுமாக்கா?"

பெட்டியடியில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே சிவப்புச் சீட்டு. ஒரு மூலை கிழிந்திருந்தது. சீட்டின் ஓரத்தில் அவள் பசையின் நீலம் இன்னும் இருந்தது. குஞ்சு வந்த பழைய பெட்டியிலிருந்து தண்ணீர் தொட்டு உரித்து, சோற்றுப் பருக்கை வைத்து இதில் ஒட்டியிருக்கிறான். அந்தச் சீட்டு இருந்தால் எதுவும் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்கிறான் அல்போன்ஸ்.

"ஐஸ் மீனுக்கு நீலம் போட்டு, ஈரச் சாக்கு மூடிக் கூரையில வெச்சிருக்கணும்டா, முட்டாப் பயலே" என்றாள் ராஜமேரி. பக்கத்தில் தம்பி இல்லை. கரியன்தான் விழித்தான்.

அவள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தெருவே விலகி வழிவிட்டது. மேலே இருந்த மீன்களையெல்லாம் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். அடியில், ஐஸோடு ஒட்டிக்கிடந்த இரண்டு கெண்டை மட்டும் கெடாமல் இருந்தன. புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். மறுநாள் காலைப் பஸ்ஸில் ஏறி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, தீர்த்தமலைக்கு ஒரு டிக்கெட் கேட்டாள். வாளிக்கு அவள் எந்தச் சீட்டும் ஒட்டவில்லை.