கூட்டி வைத்திருந்த பொட்டல்

எழுபத்திரண்டோ எழுபத்திமூன்றோ, சரியாக நினைவில்லை. காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற வழியில் ஒரு கல்லூரியில் பியூனாக இருந்தேன். படிப்பு ஏழாவதோடு நின்றவன். எதிலும் கையெழுத்துப் போடப் பயம்.

விடுதி கட்டவென்று பக்கத்துப் புறம்போக்கை அளக்க வந்தார்கள். நான்தான் சங்கிலி பிடித்தேன். "இந்த இடத்தை யாராவது உபயோகிக்கிறாங்களாப்பா?" என்று அதிகாரி கேட்டார். சுற்றிப் பார்த்தேன். புல் இல்லை, சாணி இல்லை, ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. "வெறும் பொட்டல் சார்" என்றேன். அதையே எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பொட்டலைச் சுற்றிச் சுவர் எழும்பியதும் பக்கத்து ஊர்ச்சனம் வாசலுக்கு வந்துவிட்டது. அந்தப் பொட்டலில் விழுகிற மழைதான் ஓடிப்போய் அவர்கள் ஊருணியை நிரப்புமாம். குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. அதனால் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அங்கே ஆடுமாடு விடுவதில்லை. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கூட்டி வைப்பார்களாம்.

முன்னால் நின்ற ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, கூட்டிக் கிடந்தா ஆளில்லைன்னு அர்த்தமா? உங்க வாசலைக் கூட்டி வச்சிருந்தா நாங்க வந்து சுவர் எழுப்பிக்கிறலாமா?"

சுவரடியில் தண்ணீர் போக ஒரு மடை வைத்தால் போதும். ஆபீசில் கேட்டால் முதல்வரைக் கேள் என்றார்கள். முதல்வர் கட்டடக் கமிட்டியைக் கை காட்டினார். கமிட்டிக்காரர் பைலைப் புரட்டி, "ஒண்ணுமில்லைன்னு நீதானேப்பா கையெழுத்துப் போட்டிருக்கே?" என்றார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால், அதற்கு மனு எழுதிக் கொடு என்றார். கொடுத்தேன். எழுத்துப் புரியவில்லையாம். திரும்ப எழுதினேன். தேதி போடவில்லையாம். பொட்டல் என்று நான் சொன்னபோது உடனே நம்பினவர்கள், தப்பு என்று அதே வாய் சொன்னால் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்!

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. சுவருக்குள்ளே முழங்கால் தண்ணீர். வெளியே ஊருணிக்குப் போகிற வாய்க்காலில் பேருக்கு ஒரு கோடு. தோட்டத்துக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனேன். வேலை போய்விடுமே என்ற நினைப்பில் குத்தினதெல்லாம் எங்கெங்கோ விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து அதே அக்கா கத்தினார்: "அங்குட்டு இல்லய்யா, இங்குட்டு, கீழ குத்துங்க! சுவருக்கு வலிக்குமோன்னு தடவிக்கிட்டு நிக்கிறீக!"

அடியில் நாலு செங்கல் பெயர்ந்ததும் செந்தண்ணீர் பாய்ந்தது. அந்த வருஷம் ஊருணி பாதியாவது நிறைந்தது.

எனக்கு மெமோ வந்தது. ஓட்டையைக் கல்லூரிக்காரர்களே சிமெண்ட் பூசி மடையாக்கிக்கொண்டார்கள். பொட்டலைக் கூட்ட வருகிற ஊர்க்காரர்கள் மட்டும் வருஷாவருஷம் மனுக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமாம். அந்த மனுவை வாங்கி வைக்கிற வேலையும் என் தலையில். விடுதியோ, நான் ஓய்வு பெறும்வரை ஒரு செங்கல்கூட ஏறவில்லை.

இன்றைக்கும் எங்கேயாவது சுத்தமாகக் கிடக்கிற வெற்றிடத்தைப் பார்த்தால், இதை யார் கூட்டினார்கள் என்று கேட்காமல் கால் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.