ஒரு சமையலறை, நாலு கதவு எண்

எந்த வீட்டில் காபி கொடுக்கிறார்களோ அந்த வீட்டில் வரி தரமாட்டார்கள் என்பது, பேரூராட்சி பில் கலெக்டருக்கு முதல் மாதமே தெரிந்துவிடும். நீங்களும் பணம் கேட்கப் போய்க் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தவர் என்றால் என் வருத்தம் உங்களுக்குப் புரியும். எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குக் கொஞ்சம் அங்கிட்டு. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

முதல் காபி

பெரிய வீடுகளுக்கு வரி அதிகம், சின்ன வீடுகளுக்குக் குறைவு என்று புது உத்தரவு வந்த நேரம். எங்கள் ஊரில் பெரிய வீடு என்றால் ராசமாணிக்கம் அண்ணன் வீடுதான். மூன்று மாடி, லிஃப்ட், வாசலில் இரண்டு கார். பஸ் ஸ்டாண்டில் ஒரு வரிசைக் கடை வாடகை வேறு. புதுத் தார் ரோடு அவர் வாசல் வரை வந்து, அதற்கு மேல் போக மனமில்லாமல் நின்றிருந்தது.

எனக்குக் காபி கொடுத்துவிட்டு நோட்டீஸைப் படித்தவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. "ஒழைச்சுப் பெரிசா வீடு கட்டுனது ஒரு குத்தமா சார்? எல்லாரும் போற ரோட்டுலதானே நானும் போறேன்!"

ஒரே மாதத்தில் பாகப்பிரிவினை

அடுத்த மாதமே விண்ணப்பம் வந்தது. அது ஒரு வீடு இல்லையாம், நாலு வீடாம். அவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒன்று. நாலும் சின்ன வீடுகள் என்பதால் நாலுக்கும் குறைந்த வரி.

டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன். நடுவில் ப்ளைவுட் தடுப்பு, வெளியே நாலு கதவு, நாலு எண். உள்ளே சமையலறை மட்டும் ஒன்றுதான். மற்ற மூன்று வீட்டுக்கும் அடுப்பு எங்கே என்று கேட்டேன். அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அம்மா மூணு வேளையும் விரதம் சார். மகன் சிங்கப்பூர்லயே சாப்பிட்டுக்கிறான். நானும் வீட்டுக்காரியும் இன்னைக்குத்தான் ராசியானோம்."

பார்த்ததை அப்படியே எழுதி மேலே அனுப்பினேன். நாலு வீடு என்றே கையெழுத்தாகி வந்தது.

குழாயை வெட்டும் வீரம்

பாக்கி வைத்தால் குடிநீர்க் குழாயைத் துண்டிக்கலாம். எங்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அது. சொந்த போர்வெல் வைத்திருப்பவரை அது ஒன்றும் செய்யாது. குழாய்த் தண்ணீரில் இட்லி மாவு கரைக்கும் செல்லம்மா அக்காவின் கழுத்தைத்தான் பிடிக்கும்.

தகரக் கொட்டகை வீடு, முன்பக்கம் இட்லிக் கடை. கடை என்பதால் வணிகக் கட்டிட வரி. ஒரு வருஷப் பாக்கி. குழாய் போனால் கடையும் போகும். ஸ்பேனரோடு ஆள் அழைத்துப் போனேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அக்கா சண்டை போடவில்லை. அரை மணி நேரம் கேட்டு, கடைத்தெருப் பக்கம் போய்விட்டுப் பணத்தோடு திரும்பினார். காதில் தோடு இல்லை.

"ரசீதப் போடுங்க தம்பி. காதுல ஒண்ணும் இல்லாட்டியும் இட்லி வேகும், தண்ணி இல்லாட்டி வேகாது."

சித்திரை மாதம்

அந்தக் கோடையில் ராசமாணிக்கம் அண்ணனின் போர்வெல் காற்றுதான் விட்டது. குழாய் இணைப்பு கேட்டு ஆபீசுக்கு வந்தார். ஒவ்வொரு வரி எண்ணுக்கும் ஓர் இணைப்பு, ஒரு டெபாசிட் என்பது சட்டம். நாலு வீட்டுக்கு நாலு. இல்லையென்றால் ஒரே வீடு என்று எழுதிக்கொடுத்து, விட்டுப்போன வரியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். "இருக்கறது ஒரே வீடு, எதுக்கு சார் நாலு டெபாசிட்?" என்று என் மேஜையைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் அக்கா கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கார் வந்து நின்றது. டிரைவர் நாலு குடத்தை இறக்கினார். அண்ணன் என்னைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார். அக்கா குழாயைத் திறந்து முதல் குடத்தை நிரப்பிவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"இது எந்த வீட்டுக்குண்ணே? சொல்லிட்டுத் தூக்குங்க, மத்த மூணு வீட்டுக்காரங்க கோவிச்சுக்கப் போறாங்க."

அந்த வாரமே ப்ளைவுட் தடுப்பெல்லாம் தெருவுக்கு வந்தது, பாக்கியும் ஆபீசுக்கு வந்தது. வசதியுள்ளவர்களிடம் கூடுதல் வரி கேட்பது நியாயமா என்று இப்போது யாராவது என்னிடம் வாதாட வந்தால், அவர் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.