கரி பிடிச்ச பானை

யாழ்ப்பாணத்துப் புத்தூரிலை எங்களோடை படிப்பிச்ச இராசமலர் ரீச்சர், எண்பத்திமூண்டுக் கலவரத்திலை கொழும்பு வீடு எரிஞ்சு கப்பலிலை வந்து இறங்கின மனிசி. ஆர் என்ன சொன்னாலும் ஆதாரம் கேப்பா.

ஏழாம் வகுப்புப் பிள்ளையளுக்கு அவ சரித்திரம் படிப்பிச்ச விதமே வேறை. பள்ளிக்கூட வளவிலை உடைஞ்ச சாமான்களைத் தாட்டுவைச்சு, பிள்ளையளைக் கிண்டவிட்டு, "இது என்ன, எப்பிடி உடைஞ்சது? காரணத்தோடை சொல்லுங்கோ" எண்டு கேப்பா. இதெல்லாம் ஒரு படிப்போ எண்டு எங்கடை அதிபர் கத்தாத நாளில்லை.

தொண்ணூத்திரண்டிலை ஒருநாள், அதிபர் பாத்துக்கொண்டு நிக்க, பிள்ளையள் ஓட்டை விழுந்த மண்பானை ஒண்டைக் கிண்டி எடுத்தினம். "ஐயோ, கொள்ளிக்குடம்!" எண்டு எல்லாரும் விலகி ஓடிச்சினம். சுடலையிலை கொத்தி ஓட்டை போட்ட குடத்தை ஆர் தொடுவினம்?

"செத்தவீட்டுச் சாமானோ பள்ளிக்கூடத்துக்கை?" எண்டு அதிபர் பாய்ஞ்சார்.

ரீச்சர் அவரைத் திரும்பியும் பாக்கேல்லை. "பயத்தை விட்டிட்டு அடியைப் பாருங்கோ பிள்ளையள்."

சுகந்தி எண்ட பிள்ளை கிட்டப் போய்த் தடவிப் பாத்தாள். "கரி பிடிச்சிருக்கு ரீச்சர். கொள்ளிக்குடம் அடுப்பிலை ஏறாது. அப்ப இது சோத்துப்பானை. உள்ளுக்கை இரும்புத்துண்டும் கிடக்கு. ஆற்றையோ சமைக்கிற குசினியிலை ஆமி அடிச்ச செல்குண்டு விழுந்திருக்கு."

"வாயை மூடு!" அதிபர் பதறிப்போனார். "சனம் இருக்கிற ஊர்மனைக்கை ஒரு செல்லும் விழேல்லை எண்டு கொழும்பு றேடியோவிலையே சொல்லிப்போட்டாங்கள்."

"றேடியோக்காரர் என்ரை குசினியை வந்து பாக்கேல்லை சேர்," எண்டா ரீச்சர். "என்ரை பிள்ளையள் பாத்திட்டினம்."