எட்டு டிகிரி

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'அரை டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. தொழிற்சாலையில் தயாராகும் பொடி எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. மற்றவர்கள் அறுபத்தொன்று என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிற இடத்தில் இவள் அறுபத்தொன்றரை என்று எழுதுவாள். அந்த அரைக்காக மேனேஜரோடு இரண்டு முறை மல்லுக்கு நின்றிருக்கிறாள். பட்டப்பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

வேலை பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். ஊசிபோல் மெலிந்த கண்ணாடிக் குழாயில் துளியூண்டு பொடியை அடைத்து, மெஷினில் செருகி, லென்ஸில் கண்ணை வைத்து உட்கார வேண்டும். உருகும் நேரம் நெருங்கினால் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் சூடு ஏற்றக் கூடாது. ஏற்றினால் மெஷின் முன்னால் ஓடிவிடும், பொடி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அது உருகுவதற்குள் மெஷின் காட்டுகிற எண் எங்கேயோ போயிருக்கும். இதை மூன்று முறை செய்ய வேண்டும். பொறுமைக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்தால் அவள் பணக்காரியாகியிருப்பாள்.

அந்த எண்ணை நம்பித்தான் மூட்டைகள் போகும். ஐம்பதுக்கு மேல் உருகுவது தகரக் கொட்டகைக்கு, கீழே உருகுவது குளிர்கிடங்குக்கு. கோடை மதியத்தில் கொட்டகைக்குள் நாற்பத்தாறு டிகிரி சர்வசாதாரணம். இந்தக் கதையில் வருகிற பொடி, பொடியாக இருக்கிறவரை பரம சாது. உருகித் தோலில் பட்டால் கொப்புளம்.

கொட்டகையின் மேற்பார்வையாளர் அவள் கணவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டைகளில் முதுகைச் சாய்த்து ஒரு தூக்கம் போடுவது அவர் வழக்கம். பயமில்லையா என்று யாராவது கேட்டால், "எங்க வீட்டம்மா அளந்தது" என்பார். உலகத்தில் வேறு யாரையும் அந்த மனிதர் அப்படி நம்பியதில்லை. ஆனால் பொறுமை என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. சாயங்காலம் ஐந்தரை ஆனதும் கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி, அவள் வெளியே வரும்வரை ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார். காவலாளி காதில் பஞ்சு வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

அன்றைக்கு சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். ஐந்தரைக்கு ஹார்ன் தொடங்கியபோது அவள் கையில் கடைசிப் பொடி இருந்தது. ஐந்து நாற்பதுக்கு ஹார்ன், விடாமல் அழுகிற குழந்தையாக மாறியது. அவள் மெஷினின் திருகைக் கடைசிவரை திருப்பினாள். சூடு விறுவிறுவென்று ஏறியது, ஐம்பத்திரண்டில் பொடி உருகியது. மூன்று முறை செய்ய வேண்டியதை ஒரு முறையோடு முடித்து, படிவத்தில் ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டரை, ஐம்பத்தொன்றரை என்று மூன்று எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த அரைகளைப் பார்த்ததும் மேனேஜருக்குச் சந்தேகமே வரவில்லை. சினிமாவும் மகா மொக்கை, இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சட்டையைத் துவைக்க எடுத்தாள். முதுகுப் பக்கம் மெழுகு சிந்தியதுபோல் வெள்ளையாக விறைத்திருந்தது. நகத்தால் சுரண்டி, உதிர்ந்ததை ஒரு காகிதத்தில் மடித்து வைத்தாள். கூடத்துக்குப் போய், பனியனைக் கழற்றச் சொன்னாள். முதுகில் வரிசையாகக் கொப்புளம். அதை வேர்க்குரு என்று நினைத்து அவர் ஒரு வாரமாகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

திருகைத் திருப்பியது, எழுதிய பொய் எல்லாவற்றையும் அவள் அப்போதே சொல்லிவிட்டாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. நான் மூட்டைய எல்லாம் நைசா குளிர்கிடங்குக்கு மாத்திடறேன்," என்றார்.

"வெளிய போன மூட்டைங்க? ஒவ்வொண்ணுலயும் என் நம்பரத்தான் அச்சடிச்சிருக்காங்க. அங்க யாரு முதுகு சாயுதோ."

"வேலை போயிடுமே."

"போகட்டும்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லீங்க. பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லத்தான் போறேன்."

திங்கள் காலை முதல் வேலையாக, சட்டையில் சுரண்டியதைக் குழாயில் அடைத்து மெதுவாகச் சூடேற்றினாள். நாற்பத்தொன்றில் உருகியது. அழுக்குக் கலந்தால் எந்தப் பொடியும் சீக்கிரம் உருகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும், ஆகவே அதை நம்பவில்லை. சினிமா அன்றைக்கு அளந்த அதே பொடியில் அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்த மிச்ச மாதிரியை எடுத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் நாற்பத்து நான்கு, அன்றைக்கு எழுதியதைவிட எட்டு குறைவு. சட்டைப் பொடியில் இன்னும் குறைந்த மூன்று டிகிரி அவள் வீட்டுக்காரரின் வேர்வையும் அழுக்கும்.

எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மேனேஜரிடம் நீட்டினாள். 'மாதிரி எடுத்த இடம்: கணவர் சட்டை, முதுகுப் பக்கம்' என்ற வரியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கீழே, சூட்டை வேகமாக ஏற்றியதும் இரண்டு எண்ணைக் கற்பனையாக எழுதியதும் இருந்தன. அதில் அவள் கையெழுத்தும் இருந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெஷின் ரிப்பேர்னு எழுதிடலாம்மா. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"மெஷினுக்கு ஹார்ன் சத்தம் கேக்காது சார். எனக்குத்தான் கேட்டுச்சு."

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு அவள் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் இன்னொருவர் கூடவே உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதைப் படித்தபோது கழிப்பறைக்குப் போய் அழுதாள். வெளியே போன மூட்டைகள் எல்லாம் திரும்பி வந்தன. கொட்டகை ஆட்கள் இரண்டு நாள் அவளைத் திட்டிக்கொண்டே மூட்டை தூக்கினார்கள். அரை டிகிரி என்ற பெயர் அத்தோடு செத்தது. புதுப் பெயர் எட்டு டிகிரி. அதையும் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

கொப்புளம் ஆறியது, அவர் குணம் ஆறவில்லை. நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டில் சும்மா நின்றார். ஐந்தாம் நாள் ஐந்தரைக்கு ஹார்ன் தொடங்கியது. கூட உட்கார்ந்திருந்த பெண் அவளைப் பார்த்தாள், பிறகு திருகைப் பார்த்தாள்.

குழாயில் இருந்த பொடி உருக எப்படியும் இன்னும் பதினொரு டிகிரி ஏற வேண்டியிருந்தது. அதாவது பதினொரு நிமிடம். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல், "அடிக்கட்டும்" என்றாள்.