நான்கு நிமிடம் இருபத்தெட்டு செக்கன்

“எல்லாத்துக்கும் ஒண்டே போதும் எண்டால் முள்ளு மணிக்கூட்டை எடு. கை ஆட ஆட அதுக்குச் சாவி தானாய் ஏறும். மற்றதுக்குப் பற்றரி வேணும். உங்கை பற்றரிக்கு எங்கை போவாய்?”

1992 தை 19 எனத் திகதியிட்டு ஜேர்மனியிலிருந்து அண்ணை எழுதிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது. என் கைக்கு வந்தது பங்குனி 3. கடைப் புத்தகத்திலிருந்து வெட்டிய இரண்டு படங்களை அதில் ஒட்டியிருந்தார். ஒன்று உருக்குப் பட்டி போட்ட முள்ளு மணிக்கூடு. மற்றது கறுப்பு றப்பர்ப் பட்டி போட்ட டிஜிற்றல்; ஓட்டத்தை நூறில் ஒரு பங்கு செக்கன் வரை அளக்கும், மணிக்கொரு தரம் இரண்டு முறை கீச்சிடும்.

நான் அப்போது உரும்பிராயில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் தோட்ட ஒழுங்கைகளில் ஓட்டம், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள், பின்னேரம் கரப்பந்து, ஞாயிறுகளில் தோட்டக் கிணற்றில் நீச்சல். எல்லாவற்றுக்கும் கையில் கட்டியபடியே இருக்கக்கூடிய மணிக்கூடு எதுவென்று, கொப்பித் தாளில் கோடு கீறி, இரண்டுக்கும் புள்ளி போட்டேன். வியர்வைக்குத் தாங்குமா, தண்ணீர் புகுமா, பாரமா, சேட்டுக் கைக்குள் அடங்குமா, ஓட்டத்தை அளக்குமா. டிஜிற்றல் ஏழு புள்ளியால் வென்றது. தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பற்றரி என்றொரு வரி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பற்றரி கொண்டுவர அரசு தடை போட்டிருந்த காலம் அது, மறந்துபோக வழியில்லை. சேர்த்தால் எது வெல்லும் என்று தெரிந்ததால் விட்டேன்.

டிஜிற்றலே வேண்டும் என்று எழுத, அண்ணை அதைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே போய்த் திரும்பிய அயல்வீட்டு அக்கா அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு கடல்நீரேரி தாண்டி வந்தார். கழற்றித் தரும்போதே ஏசினார்.

“தம்பி, இனிமேல் இப்பிடி ஒண்டை என்ரை தலையிலை கட்டாதை. வள்ளத்திலை நேவிக்குப் பயந்து எல்லாரும் மூச்சுக் காட்டாமல் இருக்க இது கத்துது. புருசன்ரை மணிக்கூட்டைக் களவெடுத்தனீரோ எண்டு ஒரு கிழவன் கேக்கிறான்.”

சந்தியில் மணிக்கூடு திருத்துபவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு புத்தி சொன்னார். கட்டாத நாட்களில் பற்றரிக்கு அடியில் பொலித்தீன் துண்டொன்றை வைத்து மின்னை மறிக்கவேண்டும். “மற்றது, மாஸ்டர், உந்தக் கீச்சலை நிப்பாட்டுங்கோ. அதுதான் பற்றரியைக் குடிக்கிறது.” முதலாவதைச் செய்தேன். இரண்டாவதைச் செய்யவில்லை. ஆசிரியர் அறையில் அது கீச்சிட்டதும் எல்லாத் தலைகளும் திரும்பும். அந்தத் திரும்பல் எனக்கு வேண்டியிருந்தது.

1994 ஆடியில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் போட்டி நடந்தது. ஆயிரத்தைந்நூறு மீற்றரை நான்கு நிமிடம் இருபத்தைந்து செக்கனுக்குள் ஓடியவர்களின் பெயர்களை மட்டும் மாவட்டப் போட்டிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வேகம் உள்ளவர் ஒருவர்தான்: குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஊர்த் தோட்டங்களில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுக் கடற்தொழிலாளி. வெறுங்காலுடன் ஓடுவார்.

நேரம் எடுப்பவன் நான். கழகச் செயலாளர் சாவி கொடுக்கும் பழைய ஸ்ரொப்வோச்சை நீட்டினார்.

“இதையும் ஒருக்கா அமத்தட்டே, மாஸ்டர்? ரெண்டாய் இருந்தால் நல்லதெல்லே.”

“அதை வீட்டை கொண்டுபோய்ச் சோறு வேகிற நேரம் பாருங்கோ அண்ணை” என்றேன். சுற்றிநின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அதைப் பையில் போட்டார்.

சுண்ணாம்புக் கோடு போட்ட முந்நூறு மீற்றர் மைதானம், ஐந்து சுற்று. நான்காவது சுற்று முடிவில் திரையில் மூன்று நிமிடம் இருபத்தொன்பது செக்கன் இருந்தது. அவர் கடைசிச் சுற்றில் பாதிக்கு வந்தபோது பின்னேரம் நான்கு மணி ஆனது. என் கையில் கீச்சுச் சத்தம் ஒருமுறை கேட்டது. இரண்டாவது கீச்சு இடையில் அறுந்தது. திரை வெறுமையானது. பிறகு பன்னிரண்டு மணி என்று காட்டி, புதிதாய்ப் பிறந்ததுபோல ஓடத் தொடங்கியது.

அவர் கோட்டைத் தாண்டினார். சனம் கத்தியது. செயலாளர் பதிவுத் தாளுடன் வந்து, “எவ்வளவு மாஸ்டர்?” என்றார்.

மணிக்கூடு நின்றுவிட்டது என்று சொல்ல மூன்று சொற்கள்கூட வேண்டாம். ஆனால் ஓட்டம் தொடங்க முன்தான் அந்த மனிதரைச் சிரிப்புக்கு ஆளாக்கியிருந்தேன். மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். முதல் நான்கு சுற்றுகளையும் ஐம்பத்திரண்டு செக்கனளவில் ஓடியவர் கடைசியில் வேகம் கூட்டினார். அது என் கண்முன் நடந்தது. நாலு இருபத்தொன்றுக்குள் முடித்திருப்பார். அப்படி எழுதினால் தெரிவாகிவிடுவார். தெரிவானால் யாராவது மணிக்கூட்டைக் காட்டு என்பார்கள். தெரிவாகாதவனின் நேரத்தை யாரும் சரிபார்ப்பதில்லை.

“நாலு இருபத்தெட்டு” என்றேன்.

செயலாளர் என்னை ஒருமுறை பார்த்தார். “உப்பிடி ஓடியுமோ?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுதினார். நான் கையொப்பம் வைத்தேன்.

ஓடியவர் முகம் கழுவிவிட்டு என்னிடம் வந்தார். கோபமில்லை, அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது.

“மாஸ்டர், எந்தச் சுற்றிலை நான் பிந்தினனான்? சொன்னியளெண்டால் அதைத் திருத்தலாம்.”

“கடைசிச் சுற்றிலை” என்றேன்.

“கடைசியிலையோ? எனக்கு அதுதான் நல்லாய் ஓடினமாதிரிக் கிடந்தது.” தலையைச் சொறிந்தார். “சரி மாஸ்டர். மணலிலை ஓடின கால், தரை பிடிபடேல்லைப் போலை.”

அதன்பின் ஒரு மாதம்வரை, விடியலில் நான் ஓடப்போகும் ஒழுங்கையில் அவர் தனியாகக் கடைசி முந்நூறு மீற்றரைப் பழகிக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஒவ்வொரு முறையும் கை காட்டினார். நான் வேறு ஒழுங்கையால் ஓடத் தொடங்கினேன். என் நாட்குறிப்பில் அந்தப் போட்டி நாளுக்கு நேரே மழை இல்லை, காற்று, வந்தவர் தொகை என்று எல்லாம் இருக்கிறது. மணிக்கூடு நின்ற செய்தி மட்டும் இல்லை. இன்றுதான் முதன்முறை எழுதுகிறேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில் இராணுவம் நெருங்க ஊரே எழும்பிப் போனது. பிறகு அவரை நான் காணவில்லை. அந்த இடப்பெயர்வுக்குச் சில மாதங்கள் முன்பு அவர் வேறொரு கழகத்தின் பெயரில் ஓடி, மாவட்டப் போட்டிக்குத் தெரிவானார் என்று கரப்பந்து விளையாட வந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். எந்தக் கழகம் என்று அவருக்கு நினைவில்லை. அந்த வருடத் தெரிவுப் பட்டியல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அது உண்மையாக இருக்கவேண்டும் என்று நான் விரும்புவதால், ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து ஏற்கவும் தயங்குகிறேன். அவர் தெரிவானார் என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படாத தகவல்.